மன்னார்குடிப் பக்கம் ஓட்ட டீசலா, பெட்ரோலா? வீட்டில் பஞ்சாயத்து முடியவில்லை

பாமணி | ஞாயிறு, காலை 7.40

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வீட்டில் நிற்பது 2012-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல். ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. பொங்கலுக்குள் வேறு வண்டி எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கையிருப்பும் கடனுமாகப் பன்னிரண்டு லட்சம் வரை போகலாம்.

சிக்கல் வண்டியில் இல்லை, அப்பாவிடம் இருக்கிறது. டிராக்டருக்கு டீசல், பம்புசெட்டுக்கு டீசல், ஆகவே காருக்கும் டீசல். வீட்டில் ஒரே எண்ணெய் இருக்கட்டும் என்பது அவர் சட்டம். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது என்றேன். "அவன் கடையை மூடினால் நான் விதைப்பதை நிறுத்த வேண்டுமா?" என்கிறார்.

என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கிக்குப் போக ஏழு, வர ஏழு. மாதம் இருமுறை அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டத் தஞ்சாவூர், போக வர எண்பது. வருடத்தில் இரண்டு தடவை சென்னை. கோடையில் ஒருமுறை கொடைக்கானல். மீதியெல்லாம் கல்யாணம், காதுகுத்து.

நெக்ஸான், 3எக்ஸ்ஓ, வென்யூ, சோனெட் எல்லாவற்றிலும் இரண்டு எண்ணெயும் இருக்கின்றன. வண்டியின் பெயர் கேட்கவில்லை. எண்ணெயை மட்டும் சொல்லுங்கள்.


அரசலாறு | ஞாயிறு, காலை 9.05

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் உங்கள் ஓட்டத்தைக் கூட்டுவோம். வங்கிக்கு 300 நாள் போட்டால் 4,200. தஞ்சாவூர் 1,920. சென்னை 1,280. மற்றவை 1,500. மொத்தம் ஒன்பதாயிரத்துக்கு உள்ளேயே வருகிறது.

பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசு. டீசல் 93 ரூபாய், லிட்டருக்கு 20 என்றால் 4 ரூபாய் 65 காசு. வித்தியாசம் இரண்டு ரூபாய் எட்டுக் காசு. ஒன்பதாயிரத்துக்கு 18,720 ரூபாய் மிச்சம். டீசலுக்கு சர்வீஸ் செலவு வருடத்துக்கு மூவாயிரமாவது கூடும். கையில் நிற்பது பதினைந்தாயிரத்து எழுநூறு.

ஒரே தரத்தில் டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல் விலை. வகுத்துப் பாருங்கள். ஒன்பதரை வருடம் கழித்துத்தான் போட்ட பணம் திரும்பும். அதற்குள் உங்கள் மகளுக்கு ஓட்டுநர் உரிமமே வந்துவிடும்.


குடமுருட்டி | ஞாயிறு, காலை 10.30

கணக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். நான் பாபநாசம் பக்கம் இருபது மா நிலத்தில் சாகுபடி செய்பவன். என் டீசல் வண்டி மூன்று லட்சம் ஓடிவிட்டது. இன்ஜினைப் பிரித்ததே இல்லை. விதை நெல் மூட்டை, உரம், அறுவடைக்கு ஆள் எல்லாம் அதில்தான். 2018 நவம்பரில் கஜா அடித்துவிட்டுப் போன வாரம் பக்கத்து ஊர் பங்கில் பெட்ரோல் தீர்ந்து வாலிபர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்றன. என் வீட்டில் பீப்பாயில் டீசல் இருந்தது. ஜெனரேட்டரும் ஓடியது, காரும் ஓடியது.

தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள்.


கோரையாறு | ஞாயிறு, காலை 11.15

கல்லூரியில் இயந்திரவியல் நடத்துகிறவன் என்பதால் ஒரு பாராவுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டி கூடுதல் மைலேஜ் தருவதற்கு இரண்டு காரணம். ஒன்று, எண்ணெயே அடர்த்தி. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாகச் சக்தி இருக்கிறது. மற்றது, எரிக்கும் முறை. பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்துப் பதினொன்றில் ஒரு பங்காக நெரித்துப் பிளக்கால் பற்றவைக்கிறது. டீசல் இன்ஜின் பதினாறில் ஒரு பங்காக நெரிக்கிறது. அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. போதாததற்குப் பெட்ரோல் இன்ஜினில் மெதுவாகப் போகும்போது காற்றின் வாயைப் பாதி மூடி வைக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அரசலாறு போட்ட கணக்கில் ஒன்று சேர்க்கிறேன். 2012 நடுவில் பெட்ரோல் எழுபதைத் தாண்டியிருந்தது, டீசல் நாற்பத்தைந்துக்குக் கீழே. 72-க்கும் 44-க்கும் இதே மைலேஜைப் போட்டால் வித்தியாசம் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் அறுபது காசு. இன்று இரண்டு ரூபாய் எட்டு. மலைக்கும் மடுவுக்கும் உள்ள மாற்றம் இல்லை. ஆனால் அன்று டீசல் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெட்ரோல்காரனின் செலவில் பாதிகூட ஆகவில்லை. அதுதான் நம் தகப்பன்மார் மனத்தில் பதிந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்ட பிறகு அந்த ருசி போய்விட்டது.


பட்டறை | ஞாயிறு, இரவு 9.50

திருவாரூரில் பட்டறை வைத்திருக்கிறேன். பகலில் எழுத நேரமில்லை. கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கையில் பட்டதைச் சொல்கிறேன்.

பாமணி, நீங்கள் வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைவிட ஒரு தடவை வண்டியை எடுத்தால் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, அதாவது பி.எஸ். 6 என்ற புகை விதி வந்த பிறகு, எல்லா டீசல் காரிலும் சைலன்சருக்கு முன்னால் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்தால் அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும், வண்டி இருபது நிமிடமாவது ஒரே வேகத்தில் போக வேண்டும்.

குடவாசல் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இரண்டு வயதான டீசல் வண்டியைக் கொண்டுவந்தார். வண்டியின் பெயர் வேண்டாம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, இழுவை இல்லை. பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர், திரும்பி ஐந்து கிலோமீட்டர், வேறு எங்கும் போவதில்லை என்றார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை மேலே நின்றது. ஆயில் குறையும், கூடுமா? முகர்ந்தால் டீசல் வாடை. கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் விட்டிருக்கிறது, வண்டி பாதியில் நின்றதால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. விளக்கெண்ணெய் மாதிரி இருக்க வேண்டிய ஆயில் ரசம் மாதிரி ஓடியது.

ஆயிலை மாற்றிவிட்டு அவரையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் சாலையில் விரட்டினேன். நான்காவது கியர், இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று. பாதி எரிந்துகொண்டிருக்கும்போது நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது! சரக்கு ரயில் ஒன்று, பின்னால் எர்ணாகுளம் வண்டி ஒன்று. எரிப்பு நின்றுவிட்டது. கேட் திறந்ததும் மறுபடி முதலிலிருந்து விரட்டி, அம்மாப்பேட்டை தாண்டும்போதுதான் விளக்கு அணைந்தது. மாதம் ஒருமுறை இப்படி ஓட்டுங்கள் என்றேன். "வேலையில்லாமல் தஞ்சாவூர் போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான்.

குடமுருட்டி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பழைய வண்டியில் இந்த வடிகட்டி இல்லை. அது வேறு காலத்து வண்டி. அடுத்த வண்டிக்குப் பீப்பாய் டீசலைக் கனவிலும் ஊற்றாதீர்கள். போன ஐப்பசியில் ஒரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். மேலே மஞ்சளாக டீசல், அடியில் மூன்று விரல் உயரம் தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு இழை, குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அந்தப் பாசி மாதிரி. குச்சியால் எடுத்தால் நூலாக நீண்டது. பாதி காலியான பீப்பாயில் மழைக்கால ஈரம் வியர்த்து இறங்கிய தண்ணீர் அது. டிராக்டரின் பழைய பம்ப் இதையெல்லாம் மன்னிக்கும். காரில் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் மன்னிக்காது. ஆயிரத்து அறுநூறு பாரைத் தாண்டிய அழுத்தத்தில், மயிரிழையைவிடச் சின்ன இடைவெளியில் வேலை செய்கிற சாமான் அது. டீசல்தான் அதற்கு மசகு, தண்ணீர் போனால் தேய்ந்துவிடும். நான்கும் போயிருந்தன. ஒன்று இருபதாயிரம்.


குடமுருட்டி | திங்கள், காலை 6.10

பீப்பாயை இனி டிராக்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றபடி என் கட்சி மாறவில்லை.


வெட்டாறு | திங்கள், பகல் 1.20

நாகப்பட்டினம். வாடகை வண்டி ஓட்டுகிறேன். வேளாங்கண்ணியில் ஏற்றினால் திருச்சி விமான நிலையம், சென்னை, சில நாள் கொச்சி. மாதம் ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. பட்டறை அண்ணன் சொன்ன மஞ்சள் விளக்கு எந்த நிறம் என்றே எனக்குத் தெரியாது, ஒரு நாளும் எரிந்ததில்லை. மேலே போட்ட கணக்குப்படி எனக்கு மாதமே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். வண்டி விலையில் கூடுதலாகக் கொடுத்தது ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. ஏழு பேர், மேலே பெட்டி, உள்ளே ஏ.சி. இன்னோவா கிரிஸ்டாவை இன்றும் டீசலில் மட்டும்தான் விற்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஒன்று. என் தங்கை கணவர் கீழ்வேளூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டபோது பெட்ரோல்தான் எடுக்கச் சொன்னேன்.


வெண்ணாறு | திங்கள், மாலை 4.00

பெட்ரோல் பெட்ரோல் என்கிறீர்கள். அது இப்போது பெட்ரோலாகவா இருக்கிறது? இருபது சதவீதம் எத்தனால். என் தம்பி வண்டியில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்துவிட்டது.


கோரையாறு | திங்கள், மாலை 5.25

எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே இருபது சதவீதம் கலந்தால், சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட ஆறேழு சதவீதம் குறையத்தான் வேண்டும். ஆனால் முன்பே பத்து சதவீதம் கலந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தோம். இப்போது புதிதாகப் போனது மூன்று, மூன்றரை சதவீதம். பதினைந்து ஓடுகிற வண்டியில் அது அரை கிலோமீட்டர். இரண்டு குறைந்தது என்றால் டயர் காற்றையும் பாருங்கள்.

பழைய வண்டியின் ரப்பர் குழாய், வாஷர் பற்றிய பயம் வேறு விஷயம், அது நியாயமானது. புதிதாக வாங்குகிறவர் இருபது சதவீதத்துக்கென்றே செய்த இன்ஜினைத்தான் வாங்குவார்.

அரிசியிலிருந்தும் இந்த எத்தனால் வடிக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டிவிட்டது என்று நம் நெல்லைத் தார்ப்பாய் போட்டு நிறுத்தி வைக்கிறார்கள். அதே அரிசி பெட்ரோல் டேங்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஓடுகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?


ஓடம்போக்கி | திங்கள், இரவு 8.15

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். சாலை வரி. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வேலைகளுக்கு விண்ணப்பம் எழுதிப் பிழைக்கிறவன் நான்.

2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கார் விலை ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் என்றால் ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டி இருபது வரை 18 சதவீதம். பத்து லட்சம் வரைக்கும் 13, மிச்சத்துக்கு 18 என்று பிரித்துப் போட மாட்டார்கள். முழு விலைக்கும் 18.

இப்போது பாருங்கள். பெட்ரோல் வண்டி 9 லட்சத்து 80 ஆயிரம் என்று வையுங்கள். வரி 1,27,400. அதே தரத்து டீசல் 11 லட்சத்து 30 ஆயிரம். வரி 2,03,400. வண்டி விலையில் ஒன்றரை லட்சம், வரியில் எழுபத்தாறாயிரம், ஆக 2,26,000. காப்பீட்டை நான் சேர்க்கவே இல்லை.

ஜி.எஸ்.டி.யில் 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகளில் 1,200 சி.சி.க்கு உள்பட்ட பெட்ரோலும் 1,500 சி.சி.க்கு உள்பட்ட டீசலும் ஒரே 18 சதவீதம் ஆகிவிட்டன. முன்பு டீசலுக்கு இரண்டு சதவீதம் கூடுதல். அந்த வகையில் டீசலுக்குக் கொஞ்சம் நல்ல காலம். மாநில வரிப் படியில் ஏறி அதை இழந்துவிடாதீர்கள்.


அரசலாறு | திங்கள், இரவு 8.40

என் கணக்கைத் திருத்துகிறேன். ஒன்பதரை வருடம் இல்லை, பதினான்கு வருடத்துக்கும் மேல். ஆர்.சி. புத்தகத்தின் ஆயுளே பதினைந்து. ஓடம்போக்கி வாழ்க.


வெண்ணாறு | செவ்வாய், காலை 7.30

சரி, கொடைக்கானல்? பெட்ரோல் வண்டி நான்கு பேரோடு ஏறுமா? டீசலின் இழுவை வருமா?


கோரையாறு | செவ்வாய், காலை 8.10

டர்போ உள்ள பெட்ரோல் என்றால் ஏறும். ஒன்றரை லிட்டர் டீசல் இன்ஜின் 250-லிருந்து 300 நியூட்டன் மீட்டர் வரை இழுக்கும். ஒன்றே கால் லிட்டர்கூட இல்லாத டர்போ பெட்ரோல் 170-லிருந்து 230 வரை. கொண்டை ஊசி வளைவில் ஒரு கியர் இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டர்போ இல்லாத பெட்ரோல் கொஞ்சம் முனகும். வருடத்தில் இரண்டு நாள் ஏறுவதற்காக முந்நூற்று அறுபத்து மூன்று நாள் அந்த இழுவையைச் சுமக்க வேண்டுமா என்று பாருங்கள். நம் டெல்டாவில் பெரிய ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தானே.

மாணவர்களிடம் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக அறிவித்துவிட்டது. இன்றைய வடிகட்டி அந்தக் கரியின் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் விளக்கு எரிகிறது என்று வடிகட்டியின் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.


பட்டறை | செவ்வாய், இரவு 10.05

இருக்கிறார்கள். என்னிடமும் கேட்பார்கள். நான் செய்வதில்லை.

இன்னொன்று. புது டீசல் வண்டிகள் சிலவற்றில் யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் இருக்கிறது. டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்டிருக்கும். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க அது. தீர்ந்துவிட்டால் வண்டி எச்சரிக்கை கொடுக்கும், அப்படியும் ஊற்றாவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.


குடமுருட்டி | புதன், காலை 5.50

யூரியாவா? வீட்டில் நான்கு மூட்டை இருக்கிறது. 45 கிலோ 266 ரூபாய் 50 காசு. கரைத்து ஊற்றிவிட்டால் போகிறது.


பட்டறை | புதன், காலை 6.20

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அது உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரில் 32.5 சதவீதம் சுத்த யூரியா. நம் மூட்டையில் இருப்பது வேப்பெண்ணெய் பூசியது, 2015-லிருந்து எல்லா மூட்டையும் அப்படித்தான். அந்தப் பிசுக்கு தெளிப்பானில் அடைத்தால் நெல்லுக்குப் போட்ட யூரியா எல்லாவற்றையும் சேர்த்தாலும் செலவைக் கட்ட முடியாது. மானிய உரத்தை வேறு வேலைக்கு எடுத்தால் வழக்கும் வரும்.


குடமுருட்டி | புதன், காலை 6.25

விளையாட்டுக்குச் சொன்னேன். (பாதி விளையாட்டுக்கு.)


அரிச்சந்திரா | புதன், மாலை 6.45

சி.என்.ஜி. எரிவாயுவை யாரும் சொல்லவில்லையே?


வெட்டாறு | புதன், இரவு 7.30

செலவு குறைவுதான். டிக்கி பாதி போய்விடும், வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு பதினான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த வரிசை தேவையா?


பாமணி | ஞாயிறு, பகல் 12.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய் ஒரே மாடலில் இரண்டு எண்ணெயையும் ஓட்டிப் பார்த்தோம். டீசலின் இழுவை உண்மையிலேயே சுகம்தான், பொய் சொல்ல மாட்டேன். புறவழிச் சாலையில் ஐந்தாவது கியரில் கால் வைத்ததும் முதுகு சீட்டில் ஒட்டியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அரசலாறு, ஓடம்போக்கி கணக்குகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை. வடிகட்டி, ஆயில், மஞ்சள் விளக்கு எல்லாம் சொன்னேன். "நம் வண்டிக்கு அப்படியெல்லாம் வராது" என்றார்.

பிறகு விற்பனைப் பையனிடம் நீல மூடியைக் காட்டி இது என்ன என்று அவரே கேட்டார். யூரியாக் கரைசல், தீர்ந்தால் வாங்கி ஊற்ற வேண்டும் ஐயா என்றான். அப்பா கொஞ்ச நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வாரம்தான் சங்கத்தில் சம்பா மேலுரத்துக்காக ஆதார் அட்டையோடு இரண்டு நாள் வரிசையில் நின்றுவிட்டு மூன்று மூட்டையோடு வந்திருந்தார். "பயிருக்கே கிடைக்கவில்லை, காருக்கு வேறு யூரியா வைக்க வேண்டுமா?" என்றார். முடிந்தது. டர்போ பெட்ரோலுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். விலை பத்து லட்சத்துக்குள், வரி 13 சதவீதம்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார். பழைய ஸ்விஃப்ட் வீட்டை விட்டுப் போகக் கூடாது. 2027 வரை ஆர்.சி. இருக்கிறதாம், அதுவரை வயலுக்கு அதுதானாம்.


குடமுருட்டி | ஞாயிறு, பகல் 12.40

பெரியவருக்கு என் வணக்கம். 2027-க்குப் பிறகு விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் தம்பி.


பட்டறை | ஞாயிறு, இரவு 9.15

அதற்குள் ஒருமுறை திருவாரூர் கொண்டுவாருங்கள். ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து பார்த்துவிடுவோம். கண்ணாடி டம்ளர் என்னிடம் இருக்கிறது.